சிறு திருத்தம்

ஜூன் 3, திங்கள்

காலை ஆறே முக்காலுக்கு முதல் போன். பத்து மணிக்குள் பதினான்கு. செந்துளி திறக்கவில்லையாம். நாற்பத்து மூன்று ரத்ததான மன்றங்களுக்கும் ஒரே நாளில் என் ஞாபகம் வந்துவிட்டது. ஒழுங்காக ஓடுகிறபோது ஒருவரும் கூப்பிட்டு நன்றாக ஓடுகிறது என்று சொன்னதில்லை.

சர்வர்காரர்கள் எதையோ புதுப்பித்திருக்கிறார்கள். என் நிரல் பழையது, முரண்டு பிடிக்கிறது. பாலிடெக்னிக்கில் அட்மிஷன் நேரம், லேபை விட்டு நகர வழியில்லை. சர்க்கரை இருநூற்று அறுபது. திரையைப் பார்ப்பதைக் குறைக்கச் சொல்லி கண் டாக்டர் போன மாதமே கண்டித்தார்.

எந்த ஊரில், எந்த வகை ரத்தம், யாரிடம் என்று அவசரத்துக்குக் காட்டுகிற மென்பொருள் செந்துளி. பதினோரு வருடமாக ஒற்றை ஆளாக எழுதிப் பராமரிக்கிறேன். கட்டற்ற மென்பொருள்தான். யாரும் எடுக்கலாம், படிக்கலாம், திருத்தலாம் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். இதுவரை ஒருவரும் திருத்தியதில்லை. நான் திருத்த விட்டதில்லை என்பாள் என் மனைவி கோமதி. அவள் எதையும் சொல்வாள்.

சாயங்காலம் ஜெபராணி கூப்பிட்டாள். பள்ளிக்கூட டீச்சர், மன்றங்களுக்கெல்லாம் ஒருங்கிணைப்பாளர். 'நலவலை' என்று பெரிய குழு இருக்கிறதாம், பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஆஸ்பத்திரிகளுக்கான கட்டற்ற மென்பொருள் செய்கிறார்களாம். செந்துளியை அதோடு சேர்த்துவிட்டால் என்ன என்றாள். யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

இன்றும் திறக்கவில்லை. அடுப்படிக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். அது வேலை செய்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து ஜெபராணி நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள். கேட் சத்தம் கேட்டதும் மாடித் தொட்டியைப் பார்க்கப் போனேன். தொட்டி நிரம்பும் நேரம். இருபது நிமிடம் கழித்து இறங்கினால் இன்னும் உட்கார்ந்திருந்தாள், காப்பி டம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லை.

நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். பெரிய குழுவில் சேர்ந்தால் நிரலை நாலு பேர் படிப்பார்கள், நமக்குத் தெரியாத ஓட்டை அவர்கள் கண்ணில் படும். சர்வர் கோளாறை நேற்றே சந்தித்து முடித்தவர் ஒருவர் அங்கே இருப்பார். நான் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் வேலை நிற்காது. எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான் என்றேன்.

"தெரிஞ்சா போதுமா? ஒத்தையில எத்தன நாளைக்கு இழுப்பீங்க அண்ணாச்சி? ஒங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தா நாப்பத்து மூணு மன்றமும்லா படுத்துருது."

அவள் பேசும்போது மெர்சியின் சாடை தெரிந்தது. மெர்சி அவள் தங்கை. பிரசவத்தில் போய்ச் சேர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அடக்கத்துக்குப் போயிருந்தேன், கடைசி வரிசையில் நின்றேன்.

ஜெபராணி போன பிறகு கோமதி கேட்டாள்: "அந்தப் பிள்ள வந்தாலே ஒங்களுக்குத் தொட்டி நெறஞ்சிருதே, அது எப்படி?"

தொட்டி உண்மையிலேயே நிரம்பித்தான் இருந்தது.

ஜூன் 15, சனி

ஒத்துக்கொண்டேன். வேறு வழி இல்லை. பன்னிரண்டு நாளாகச் செந்துளி படுத்திருக்கிறது, மன்றங்கள் பழையபடி நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கின்றன.

நலவலையில் தமிழ் வேலையைப் பார்க்கிறவர் தாட்சாயணி, யாழ்ப்பாணத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பிரிவில் இருக்கிறார். மரியாதையான கடிதம். கூடவே விதிகள், மொத்தம் ஒன்பது பக்கம். இரண்டு விதிகள் எனக்குச் சிரிப்பை வரவழைத்தன. ஒருவர் எழுதிய மாற்றத்தை இன்னொருவர் பார்த்து ஒப்பினால்தான் உள்ளே போகுமாம். வழு, அதாவது நிரலில் பிழை, இருக்கிறது என்று புகார் தந்தவர், சரியாகிவிட்டது என்று தானே பார்த்துச் சொன்னால்தான் அந்தப் புகாரை மூடலாமாம், எழுதியவர் மூடக்கூடாதாம்.

பதினோரு வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு புகார்களை மூடியிருக்கிறேன். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஐயா மூடலாமா என்று கேட்டிருந்தால் இன்னும் முதல் புகாரில்தான் நின்றிருப்பேன்.

ஜூன் 22, சனி

முதல் மாற்றத்தை அனுப்பினேன். நாற்பது வரி. அதற்குப் பதினேழு கேள்விகள். இந்த மாறிக்கு ஏன் இந்தப் பெயர், இந்த இடத்தில் வெற்று மதிப்பு வந்தால் என்ன ஆகும், இதற்குச் சோதனை எங்கே. கேட்டவர்களில் ஒரு பெண் இன்னும் கல்லூரியில் படிக்கிறாளாம். நான் இருபத்திரண்டு வருடமாக லேபில் பாடம் நடத்துகிறேன்.

கோபத்தில் விளக்கெண்ணெய் வாங்க மறந்துவிட்டேன். கோமதியே போய் வாங்கி வந்தாள்.

பதினேழில் பதினொன்று நியாயமான கேள்விதான்.

ஜூன் 30, ஞாயிறு

செந்துளி திறந்துவிட்டது. நான் திறக்கவில்லை. நேபாளத்திலிருந்து ஒருவர், பெயர்கூட வாயில் நுழையவில்லை, சர்வர் பிரச்சினையை ஒரே மாலையில் முடித்துக் கொடுத்தார். இதே சிக்கல் எங்களுக்குப் போன வருடம் வந்தது, நீங்கள் நான்கு வாரம் கஷ்டப்பட்டிருக்க வேண்டியதில்லை என்று எழுதியிருந்தார். நன்றி என்று பதில் போட்டேன். அடிக்க வெகு நேரம் ஆனது.

பழைய அஞ்சல்களைத் துழாவியதில் ஒன்று அகப்பட்டது. நலவலைக்காரர்கள் 2018 ஆகஸ்டிலேயே என்னை அழைத்திருக்கிறார்கள். 'உங்கள் மென்பொருளைப் பார்த்தோம், சேர்ந்து செய்யலாமா?' என் பதிலும் கீழே இருந்தது. 'நன்றி. தேவைப்படவில்லை.'

இதைக் கோமதியிடம் காட்டவில்லை.

ஜூலை 6, சனி

மூடிய புகார்கள் அனைத்தையும் நான் எழுதிய பதில்களோடு நலவலைக்கு மாற்ற வேண்டுமாம். எல்லோரும் படிக்கும்படி இருக்குமாம். பழைய குப்பை எதற்கு என்று கேட்டேன். ஒரு முறை வந்த பிழை மறுபடி வரும், அப்போது முதலில் எப்படிச் சரிசெய்தோம் என்று தெரிய வேண்டும் என்று தாட்சாயணி எழுதினார்.

உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். என்னை அறிந்த எனக்கே என் பதில்கள் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தன. 'கையேட்டைப் படிக்கவும்.' 'இது வழு அல்ல, அறியாமை.' 'நேரத்தை வீணாக்க வேண்டாம்.'

அறுபதோடு நிறுத்திவிட்டேன். கண் வலி.

ஜூலை 7, ஞாயிறு

சிலிண்டர் வந்தது. கண் வலி இல்லை. அறுபத்தொன்றைத் திறக்கவில்லை.

ஜூலை 11, வியாழன்

இருநூற்றுப் பதினொரு புகார்களை அனுப்பிவைத்தேன். ஒன்று குறைந்தால் யாருக்கு என்ன.

ஜூலை 12, வெள்ளி

தாட்சாயணியிடமிருந்து ஒரு வரி. 'எண் 60க்குப் பிறகு 62 வருகிறது. 61 விடுபட்டுவிட்டதா?'

பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறவர். அவர் எண்ணாமல் விடுவாரா? மறதி என்று எழுதி 61ஐயும் அனுப்பிவைத்தேன்.

அதை இங்கே எழுதிவைக்கிறேன், தொலையட்டும். எண் 61, 2021 அக்டோபர். அனுப்பியவர் ஜெபராணி. 'கௌசல்யா என்று தேடினால் வரவில்லை. ஆனால் பட்டியலில் இருக்கிறார்.' நான்கு நிமிடத்தில் என் பதில்: 'தட்டச்சுப் பிழை. சரியாகத் தட்டச்சு செய்யவும். மூடப்பட்டது.'

பதிலில் தப்பில்லை. கௌ என்று எழுத, க என்ற எழுத்துக்கு முன்னும் பின்னும் சேர்கிற ஒரே குறி இருக்கிறது. அவசரக்காரர்கள் கெ அடித்து, பக்கத்தில் ள அடித்துவிடுகிறார்கள். கௌசல்யா, கெளசல்யா. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு இரண்டாவதில் இருப்பது, வெள்ளத்தில் வருகிற ள. அது வேறு சொல், கிடைக்காது. இதைத்தான் சொன்னேன். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும்படி நிரலை எழுதியிருக்கலாம் என்பது வேறு விஷயம்.

ஜூலை 14, ஞாயிறு

தாட்சாயணி விடவில்லை. புகாரிலிருந்து மாற்றங்களின் வரலாற்றுக்குப் போய்விட்டார். மென்பொருளில் ஒரு எழுத்தை மாற்றினாலும் தேதியோடு பதிவாகும், பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். 2022 மார்ச் 17, ஊர்ப்பட்டியல் கோப்பு, ஒரே ஒரு வரி. காரணம் என்று நான் எழுதியிருப்பது: 'சிறு திருத்தம்.'

போனிலேயே கூப்பிட்டுவிட்டார். குரலில் அதட்டல் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"அண்ணை, நீக்கின வரியும் சேர்த்த வரியும் எனக்கு ஒரே மாதிரித் தெரியுது. நீங்கள் என்னத்தை மாத்தினனீங்கள்?"

ஞாபகம் இல்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். தொட்டி காலியாகத்தான் இருந்தது.

ஜூலை 15, திங்கள்

லீவு போட்டேன். கோமதிக்கு முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். மத்தியானம் அவள் தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன்.

2022 மார்ச் 14, மத்தியானம். மெர்சிக்குக் குழந்தை பிறந்து ரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ், லேசில் கிடைக்காத வகை. ஆஸ்பத்திரிக்கு மூன்று கிலோமீட்டரில் சௌந்தரபுரம். அங்கே மன்றம் தொடங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த தொண்டர் செந்துளியைத் திறந்து, பட்டியலில் அந்த ஊரைத் தொட்டுத் தேடினார். 'யாரும் இல்லை' என்று வந்தது. பிறகு கோவில்பட்டியிலிருந்து ஒருவர் கிளம்பி வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆனது. அவருடைய ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள். குழந்தை பிழைத்தது. முன்பே வந்திருந்தாலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம். அந்த வாக்கியத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அடக்கத்தன்று ஜெபராணி அழுதுகொண்டே சொன்னாள், சௌந்தரபுரத்தில் ஒருத்தர்கூட இல்லையாம் அண்ணாச்சி என்று. எனக்குச் சுருக்கென்றது. அந்த மன்றத்தில் நூற்றுப் பத்துப் பேர் சேர்ந்திருந்தார்கள், பதிவைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். மன்றத்தார் தங்கள் ஊர்ப் பெயரைச் சரியாகத்தான் அடித்திருந்தார்கள். ஊர்ப்பட்டியலில் செளந்தரபுரம் என்று இருந்தது. செ, பிறகு ள. ஊர்ப்பட்டியலை மன்றத்தார் தொட முடியாது. அதில் அடிக்கிற உரிமை ஒருவருக்குத்தான் உண்டு.

அடித்தது நான்.

மூன்றாம் நாள் அந்த ஒரு வரியை மாற்றினேன். நிரலைத் தொடவில்லை. தொட்டிருந்தால் ஏன் தொட்டாய் என்று நாலு வரி எழுத வேண்டும், ஜெபராணி எழுதிய புகாரை மறுபடி திறக்க வேண்டும். சிறு திருத்தம் என்று எழுதினேன். இரண்டு வருடமாக யாரும் கேட்கவில்லை. கேட்க அங்கே என்னைத் தவிர ஆள் இல்லை.

ஜூலை 16, செவ்வாய்

தாட்சாயணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"பிழை எல்லாரும் விடுறதுதான் அண்ணை. நானும் விட்டிருக்கிறன். மற்ற ஊர்களைப் பார்த்தனீங்களா?"

பார்க்கவில்லை. இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. அவர் அப்போதே தேடினார். பெயரிலும் தெருவிலும் ஊரிலுமாக முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் அப்படிக் கிடக்கின்றன, தேடினால் வராமல். அத்தனை பேர் ரத்தம் கொடுக்கிறேன் என்று பெயர் எழுதிவிட்டுப் போனவர்கள். பிறகு, 61ஐத் திறக்க வேண்டும், மார்ச் 17 மாற்றத்தையும் அதோடு இணைக்க வேண்டும், ஜெபராணி அதைத் திரையில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது, வியாழனுக்குள் நீங்களே போய்ச் சொல்லுங்கோ என்றார்.

ஜூலை 17, புதன்

மொஹரம் விடுமுறை. ஜெபராணி வீட்டுத் தெருமுனை வரை போனேன். மெர்சியின் மகள் வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தாள். நன்றாக வளர்ந்துவிட்டாள். சீனிக்கிழங்கு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். சர்க்கரைக்காரன் வீட்டில் சீனிக்கிழங்கு எதற்கு என்று கோமதி கேட்டாள்.

அவளிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். கிழங்கைக் கழுவிக்கொண்டே இருந்தாள், மண் போன பிறகும்.

"எனக்கு ஏதோ இருக்குன்னு தெரியும். இப்படி இருக்கும்னு தெரியாது" என்றாள். பிறகு, "சட்டய மாத்துங்க. நானும் வாரேன்."

ஜெபராணி வீட்டில் வாங்க மதினி என்று கோமதியைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். எனக்கு மின்விசிறியைத் திருப்பிவைத்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தேன். கௌ, கெ, ள எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னதாக ஒரு வாக்கியம் இருக்கிறதே, அதையும் சொல்ல வாயெடுத்தேன். கோமதி என்னைப் பார்த்தாள், நிறுத்திக்கொண்டேன்.

ஜெபராணி அழவில்லை. பாப்பாவை உள்ளே போகச் சொன்னாள்.

"அன்னைக்குச் சௌந்தரபுரத்துல ஓ நெகட்டிவ் எத்தன பேரு இருந்தாங்க?"

"ரெண்டு பேரு."

"டாக்டர் மொதல்ல ஒரு யூனிட்தான் கேட்டாரு அண்ணாச்சி."

கோமதிதான் எழுந்தாள். கொண்டுபோன கிழங்குப் பை அங்கேயே இருந்துவிட்டது.

ஜூலை 18, வியாழன்

61 திறக்கப்பட்டது. நடந்ததை நானே எழுதினேன். சிறு திருத்தம் என்ற இரண்டு சொல்லுக்குப் பதில் முப்பத்தாறு வரி வந்தது. காலை ஒன்பது மணிக்குப் போட்டேன். பகல் ஒரு மணிக்குள் நான்கு பேர் சேர்ந்து சரிசெய்து, சோதித்து, ஒப்பிவிட்டார்கள். அந்தக் கல்லூரிப் பெண், நான் விட்ட இன்னொரு ஓட்டையையும் அடைத்தாள்: சிலர் சவுந்தரபுரம் என்றும் அடிப்பார்களாம், அதுவும் இனி வரும்.

புதிதாக எழுத வேண்டியது அதிகம் இருக்கவில்லை. ள குழப்பத்தைத் தீர்க்கும் பகுதி நலவலையில் ஏற்கெனவே இருந்தது. தாட்சாயணி எழுதியது. 2019 ஜனவரி. என்னை அழைத்து ஐந்து மாதம் கழித்து. மெர்சிக்கு மூன்று வருடம் முன்னால்.

நான்கு மணி நேர வேலை. எனக்குத் தேவைப்படவில்லை என்று எழுதியிருந்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

யாரும் வரவில்லை. தொட்டியை நிரப்பிவிட்டு மோட்டாரை நிறுத்தினேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆலங்குளத்தில் ஒருவருக்கு அவசரம். செந்துளியில் தேடி இருபது நிமிடத்தில் ஆள் கிடைத்தது. கொடுத்தவர் பெயர் மௌலானா, அந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒருவர். குழுவில் எல்லோரும் வாழ்த்தினார்கள், என்னையும் சேர்த்து. சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு அந்த இருபது நிமிடத்தை இரண்டரை மணி நேரத்தோடு வைத்துப் பார்த்தேன், சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஜெபராணியிடமிருந்து அஞ்சல். மன்றங்களின் வேலை நிற்கவில்லை, அவள் நிறுத்தமாட்டாள். திரையில் தேதி தவறாகத் தெரிகிறது, படம் இணைத்திருக்கிறேன் என்று மூன்றே வரி. புதுப் புகார், எண் 213. மேலே 'மதிப்பிற்குரிய திரு. சுடலைமணி அவர்களுக்கு' என்று இருந்தது. பதினோரு வருடத்தில் அவள் என் பெயரை எழுதி நான் பார்த்ததில்லை.

அரை மணியில் சரிசெய்து அனுப்பினேன். நேபாளத்துக்காரர் பார்த்து ஒப்பினார். ஜெபராணி சோதித்துவிட்டு, சரியாகிவிட்டது, நன்றி என்று இன்றைக்கே மூடினாள்.

பழைய இருநூற்றுப் பதினொன்றும் மூடியபடி நலவலையில் இருக்கின்றன. 61க்குக் கீழே எல்லோரும் ஒப்பிவிட்டார்கள். புகார் தந்தவர் பார்த்துச் சொல்ல வேண்டிய கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. கௌசல்யா என்று தேடினால் வருகிறது, கெளசல்யா என்று தேடினாலும் வருகிறது. காலையில் எழுந்ததும் ஒரு முறையும் படுக்கப் போகுமுன் ஒரு முறையும் பார்க்கிறேன்.

61 திறந்தே இருக்கிறது. அதை நான் மூட முடியாது.